எஞ்சினை இறக்குவதற்கு முன்

எம்.ஜி. கார்கள் பிறந்த அபிங்டனில் தொழிற்சாலை மூடிப் பல வருடங்களாகிவிட்டன. கிளட்ச்சின் முனகலைக் கேட்டே கோளாறைச் சொல்லும் காதுகள் இன்னும் சில மிச்சமிருக்கின்றன.

இங்கிலாந்தில் ஆக்ஸ்ஃபோர்டிலிருந்து தெற்கே சுமார் பத்து கிலோமீட்டர் தூரத்தில், தேம்ஸ் நதியை ஒட்டிப் படுத்திருக்கும் சின்ன ஊர் அபிங்டன். ரயிலில் போக முடியாது. பயணிகள் ரயிலை 1963-லேயே நிறுத்திவிட்டார்கள். பஸ்ஸில் வந்து இறங்கினால் சந்தைச் சதுக்கம், அதன் ஒரு பக்கத்தில் 17ஆம் நூற்றாண்டில் கட்டிய கவுன்ட்டி ஹால். நாட்டில் முடிசூட்டு விழா என்றால் நகரத்துப் பெரியவர்கள் இந்தக் கட்டடத்தின் உச்சியில் ஏறி, கீழே திரண்டிருக்கும் கூட்டத்தின் மீது பன் ரொட்டிகளை வீசுவார்கள். 1761-லிருந்து வரும் வழக்கம். எதற்கு வீசுகிறார்கள் என்று கேட்டால் ஆளுக்கொரு காரணம் சொல்கிறார்கள்.

இந்த ஊரின் மேற்கே, மார்ச்சம் சாலை ஓரத்தில், 1929 முதல் 1980 வரை எம்.ஜி. தொழிற்சாலை இருந்தது. தாழ்வான, கூரை மடக்கிவிடக்கூடிய, இரண்டே பேர் உட்காரும் ஸ்போர்ட்ஸ் கார்கள். கோடீஸ்வரர்களுக்கு ஃபெராரி இருந்தது. பள்ளி ஆசிரியருக்கும் வங்கி குமாஸ்தாவுக்கும் எம்.ஜி. வாய்த்தது. இதில் அதிகம் விற்றது 1962-ல் வந்த எம்.ஜி.பி. பதினெட்டு வருடத்தில் ஐந்து லட்சத்துக்கு மேல் செய்தார்கள். பெரும்பாலானவை அமெரிக்காவுக்குக் கப்பலேறின. 1979 செப்டம்பரில் ஆலையை மூடப்போவதாகத் தாய் நிறுவனமான பிரிட்டிஷ் லேலண்ட் அறிவித்தது. 1980 அக்டோபரில் கடைசிக் கார் வெளியே வந்தது. அந்த இடத்தில் இப்போது அலுவலகக் கட்டடங்கள். தெருப் பெயர்கள் மட்டும் பழசை மறக்கவில்லை. எம்.ஜி.க்கு உருவம் கொடுத்த செசில் கிம்பரின் பெயரில் ஒரு சாலை, முதலாளி நஃபீல்ட் பிரபுவின் பெயரில் இன்னொன்று.

எம்.ஜி. என்ற பெயர் சாகவில்லை என்பது இந்திய வாசகர்களுக்குத் தெரிந்ததுதான். கைமாறிக் கைமாறிச் சீனாவின் எஸ்.ஏ.ஐ.சி. நிறுவனத்திடம் போய், 2019 முதல் குஜராத்தில் ஹாலோலிலிருந்து அதே எட்டுக்கோண முத்திரையோடு கார்கள் வருகின்றன. அவற்றில் மின்சாரத்தில் ஓடுபவற்றுக்குக் கிளட்ச் பெடலே கிடையாது. இடது காலுக்கு ஓய்வு.

ஆனால் அபிங்டனைச் சுற்றியுள்ள கிராமங்களில் இன்னும் நிறைய இடது கால்கள் ஓய்வு பெறவில்லை. கோடை வந்துவிட்டால் ஞாயிற்றுக்கிழமைகளில் பழைய எம்.ஜி.பி.க்கள் ஷெட்டிலிருந்து வெளியே தலைகாட்டுகின்றன. கூடவே புகார்களும். புகார்களில் தலையாயது: "கியர் விழ மாட்டேன் என்கிறது."

இந்த ஒரு வாக்கியத்துக்குப் பின்னால் குறைந்தது எட்டு வியாதிகள் ஒளிந்திருக்கலாம். அதில் சிலவற்றை ஒரு திருகுளியும் கந்தல் துணியும் வைத்துக்கொண்டு மதியச் சாப்பாட்டுக்கு முன் சரிசெய்துவிடலாம். மற்றவற்றுக்கு எஞ்சினை வெளியே தூக்க வேண்டும். பணம் போவதும் காரே கைமாறுவதும் இந்த இரண்டுக்கும் நடுவில்தான்.

ஏன் எஞ்சினையே தூக்க வேண்டும்? அபிங்டன் ஆலை எதையும் அடியிலிருந்து செய்ததில்லை. எஞ்சின், கியர் பெட்டி, கார் உடல் எல்லாம் வெளியூர்களிலிருந்து வந்தன. இங்கே பூட்டுவது மட்டும்தான் வேலை. பாதி முடிந்த கார்களை ஆட்கள் கையால் தள்ளித்தான் அடுத்த இடத்துக்கு நகர்த்தினார்கள். எஞ்சினையும் கியர் பெட்டியையும் ஒன்றாக முடுக்கி, ஒரே துண்டாகக் காருக்குள் இறக்கிவிடுவது பூட்டுகிறவர்களுக்குச் சௌகரியம். கழற்றப்போகிறவனைப் பற்றி அன்று யாரும் கவலைப்பட்டதாகத் தெரியவில்லை. கிளட்ச் பிளேட் இரண்டுக்கும் நடுவே சாண்ட்விச் மாதிரி மாட்டிக்கொண்டிருக்கிறது. பல கார்களில் கியர் பெட்டியை மட்டும் கீழே இறக்கி அதைத் தொட்டுவிடலாம். எம்.ஜி.பி.யில் அதற்கு வழியில்லை. ஆகவே "கிளட்ச் போச்சு" என்று ஒரு மெக்கானிக் சொல்லிவிட்டால் அடுத்த வார்த்தை "எஞ்சினை இறக்கணும்".

அப்படிச் சொல்லப்பட்ட ஒரு கார், ஊருக்கு வெளியே ஒரு பண்ணைக் கொட்டகையில் நடக்கும் பட்டறைக்கு வந்து சேர்கிறது. 1966-ல் செய்த எம்.ஜி.பி. ஓட்டி வந்தவர் ஓய்வுபெற்ற பள்ளி ஆசிரியை. கார் அவருடைய கணவருடையது. அவர் வாலிப வயதில் அபிங்டன் ஆலையின் கடைசி வருடங்களில் வேலை பார்த்தவர். அவர் இறந்து நான்கு வருடமாகக் கார் ஷெட்டில் நின்றது. இப்போது அந்த அம்மாள் எடுத்து ஓட்டுகிறார். ரிவர்ஸ் போட்டால் 'கர்ர்ர்' என்று பல் நறநறப்பு. முதல் கியரும் அப்படியே. வேகம் குறைத்து இரண்டாவது கியருக்கு இறங்கினாலும் ஓர் உறுமல். நகரத்து காரேஜ் ஒன்றில் காட்டியிருக்கிறார். கிளட்ச் மாற்ற வேண்டும், எஞ்சினை எடுக்கும்போதே கியர் பெட்டியையும் பிரித்துவிடலாம் என்று எழுதிக் கொடுத்த தொகை, கார் விற்றால் கிடைக்கும் பணத்தில் பாதி. "விற்றுவிடுவதுதான் புத்திசாலித்தனம் என்றும் சொன்னார்கள்" என்கிறார். சொல்லும்போது காரைப் பார்க்காமல் சொல்கிறார்.

பட்டறைக்காரருக்கு வயது எழுபதைத் தாண்டியிருக்கும். பானெட்டைத் திறக்கவில்லை. முதலில் கேள்வி: "எஞ்சின் ஓடாதபோது கியர் விழுகிறதா?" அவரே உள்ளே உட்கார்ந்து, எஞ்சினை அணைத்துவிட்டு, நெம்புகோலை நான்கு மூலைக்கும் ரிவர்ஸுக்கும் தள்ளிப் பார்க்கிறார். வழுக்கிக்கொண்டு போகிறது. அப்படியென்றால் நெம்புகோலிலோ கியர் பெட்டிக்குள் அதைத் தாங்கும் கம்பிகளிலோ வில்லங்கமில்லை. இது ஒரு நிமிடச் சோதனை. காரேஜ்களில் இதைச் செய்யாமலே பில் போடுவது உலகம் முழுக்க நடக்கும் விஷயம்.

அடுத்து எஞ்சினை ஓடவிட்டு, கிளட்ச்சை முழுக்க மிதித்து, மனசுக்குள் ஐந்து எண்ணிவிட்டு ரிவர்ஸ். நறநறப்பு. இது முக்கியமான அடையாளம். கிளட்ச்சை மிதித்ததும் எஞ்சினுக்கும் கியர் பெட்டிக்கும் இருக்கும் பந்தம் அற்றுப்போக வேண்டும். கியர் பெட்டிக்குள் சுழன்றுகொண்டிருந்த பற்சக்கரங்கள் சில விநாடிகளில் தாமாக நின்றுவிடும். ஐந்து எண்ணிய பிறகும் அவை சுழல்கின்றன என்றால் எஞ்சின் இன்னும் அவற்றை இழுத்துக்கொண்டிருக்கிறது. கிளட்ச் முழுதாக விடவில்லை. மெக்கானிக்குகள் இதை 'டிராக்' என்கிறார்கள். இதற்கு நேர்எதிர் வியாதி 'ஸ்லிப்'. நான்காவது கியரில் மேட்டில் ஏறும்போது ஆக்ஸிலேட்டரை அழுத்தினால் எஞ்சின் அலறும், வேகமுள் அசையாது. முதலாவது, விட வேண்டிய நேரத்தில் விடாத கை. இரண்டாவது, பிடிக்க வேண்டிய நேரத்தில் பிடிக்காத கை. இரண்டையும் குழப்பிக்கொண்டு புது பிளேட் வாங்கியவர்கள் ஏராளம். ஸ்லிப் என்றால் பிளேட் தேய்ந்திருக்க அல்லது எஞ்சின் ஆயில் கசிந்து அதன் மேல் பட்டிருக்க நல்ல வாய்ப்பு. டிராக் என்றால் பிளேட்டைச் சந்தேகிப்பது கடைசியில்தான்.

மிதிக்கும் காலுக்கும் கிளட்ச்சுக்கும் நடுவே என்னவெல்லாம் இருக்கிறது என்று பார்த்தால் காரணம் புரியும். எம்.ஜி.பி.யில் கேபிள் கிடையாது. பெடலை மிதித்தால், ஒரு சின்ன ஆணி வழியாக ஒரு தண்டு மாஸ்டர் சிலிண்டரைத் தள்ளும். அதிலுள்ள பிரேக் ஆயில் ஒரு குழாய் வழியாகவும், பிறகு ரப்பர் ஹோஸ் வழியாகவும், கியர் பெட்டியின் பக்கவாட்டில் இருக்கும் ஸ்லேவ் சிலிண்டருக்குப் போகும். ஸ்லேவ் இன்னொரு தண்டைத் தள்ளும். அந்தத் தண்டு, இன்னொரு ஆணி வழியாக, ஒரு முள்கரண்டி போன்ற இரும்பை நெம்பும். அந்த இரும்பின் மறுமுனையிலுள்ள கிராஃபைட் பேரிங் கிளட்ச்சின் நடுவில் அழுந்தி அதை விடுவிக்கும். இத்தனை கைமாற்றத்தில் எங்கே சிந்தினாலும் கடைசிக் கைக்குக் குறைந்துதான் போய்ச்சேரும். ரேஷன் மாதிரி. இதில் திருகி முடுக்கிச் சரிக்கட்டும் வசதியும் இல்லை. இழந்த அசைவு இழந்ததுதான்.

பட்டறைக்காரர் காரை ஜாக்கியில் ஏற்றி, ஸ்டாண்டுகளில் நிறுத்தி, ஒரு இரும்பு ஸ்கேலோடு அடியில் போய்ப் படுக்கிறார். "மிதியுங்கள். விடுங்கள். மறுபடி மிதியுங்கள்." அம்மாள் மிதிக்கிறார். ஸ்லேவ் சிலிண்டரின் தண்டு எவ்வளவு நகர்கிறது என்பதை அவர் அளக்கிறார். சரியாக இருக்கும் காரில் ஏறக்குறைய அரை அங்குலம் நகர வேண்டும். இங்கே கால் அங்குலத்தை எட்டிப்பார்த்து நின்றுவிடுகிறது.

வழக்கின் தீர்ப்பு பாதி அங்கேயே எழுதியாகிவிட்டது. தண்டு முழு அரை அங்குலமும் நகர்ந்து, அதன் பிறகும் கிளட்ச் விடவில்லை என்றால் கோளாறு உள்ளே இருக்கிறது. பேரிங் தேய்ந்திருக்கலாம். கரண்டியின் கீல் ஆடியிருக்கலாம். வெகுநாள் ஈரத்தில் நின்று பிளேட் துருவோடு ஃபிளைவீலில் ஒட்டியிருக்கலாம். கிராங்க் ஷாஃப்ட்டின் கோடியில், கியர் பெட்டியின் தண்டு நுழையும் சின்ன புஷ் இறுகிப்போய், கிளட்ச் விட்ட பிறகும் தண்டை இழுத்துக்கொண்டு சுற்றலாம். அப்போது எஞ்சினை இறக்குவதைத் தவிர வழியில்லை. ஆனால் தண்டே போதிய தூரம் நகரவில்லை என்றால் கோளாறு வெளியே, கைக்கெட்டும் தூரத்தில். அந்த காரேஜில் ஒரு ஸ்கேல் இருந்திருந்தால் போதும்.

வெளியே என்றால் எங்கே? பெடலை வேகமாக இரண்டு மூன்று முறை அடித்து மிதிக்கச் சொல்லிப் பார்க்கிறார். அப்படி மிதித்ததும் கியர் சுலபமாக விழுந்தால் குழாய்க்குள் காற்று புகுந்திருக்கிறது, அல்லது சிலிண்டரின் ரப்பர் வாஷர் தளர்ந்திருக்கிறது. இங்கே மாற்றமில்லை. ஸ்லேவின் முனையிலுள்ள ரப்பர் உறையை விரலால் தூக்கிப் பார்க்கிறார். உலர்ந்திருக்கிறது. மேலே, பெடலுக்குப் பின்னால் கையை விட்டுத் தடவுகிறார். ஈரமில்லை. மாஸ்டர் சிலிண்டர் கசிந்தால் ஆயில் பெடல் வழியே வழிந்து ஓட்டுநரின் காலடிக்கு வரும். அங்கே பெயின்ட் உரிந்திருப்பதே காட்டிக்கொடுத்துவிடும். ரப்பர் ஹோஸை உள்ளங்கையில் பொத்திப் பிடித்துக்கொண்டு இன்னொரு முறை மிதிக்கச் சொல்கிறார். பழைய ஹோஸ் பாம்பு இரை விழுங்கியது போல் புடைக்கும். இது புடைக்கவில்லை. (ஹோஸ் வேறு விதமாகவும் ஏமாற்றும். உள்சுவர் சிதைந்து வால்வு மாதிரி ஆகிவிட்டால், போன ஆயில் திரும்பி வராது. பெடலை விட்ட பிறகும் கிளட்ச் பாதி மிதித்த நிலையிலேயே இருந்து ஸ்லிப் ஆகும். வெளியே பார்த்தால் ஹோஸ் புதுசு போலத் தெரியும்.)

மிஞ்சுவது ஆணிகள். பானெட் இப்போதுதான் திறக்கிறது. பெடல் பெட்டியின் மேல்மூடியைக் கழற்றிவிட்டு, டார்ச் அடித்து, பெடலைக் கையால் மெல்ல அழுத்துகிறார். பெடல் நகர்கிறது. தண்டு நகரவில்லை. இன்னும் அழுத்துகிறார். அப்புறம்தான் தண்டு கிளம்புகிறது. ஆணியை உருவிக் கையில் வைத்துக்கொண்டு வெளிச்சத்துக்கு வருகிறார். சுண்டுவிரலை விட மெல்லிசான இரும்பு ஆணி. நடுவில் உடுக்கை மாதிரி இடுப்பு விழுந்திருக்கிறது. பெடலிலுள்ள துளையும் வட்டம் போய் முட்டை வடிவமாகிவிட்டது. அடியில், கரண்டியோடு சேரும் ஆணியும் அதே கதி. இரண்டு ஆணியும் சேர்ந்து ஒரு கோப்பை காப்பியின் விலையைத் தாண்டாது. முட்டைத் துளையை வெல்டிங் வைத்து நிரப்பி, மறுபடி வட்டமாகத் துளைக்க வேண்டும். அது ஒரு மணி நேர வேலை.

அம்மாளுக்குச் சந்தேகம் தீரவில்லை. "அவர் ஓட்டும்போது இந்தச் சத்தம் வந்ததே இல்லையே?"

பதில் சொல்ல அவருக்குக் கொஞ்ச நேரம் பிடிக்கிறது. "ஆணி நான்கு வருடத்தில் தேயவில்லை. முப்பது வருடமாகத் தேய்ந்திருக்கிறது. கொஞ்சம் கொஞ்சமாகத் தேய்ந்ததால் அவர் கால் அதற்குப் பழகிவிட்டது. பெடலைத் தரை வரைக்கும் மிதித்திருப்பார். ரிவர்ஸ் போடுவதற்கு முன்னால் மூன்றாவது கியரைத் தொட்டுவிட்டுப் போயிருப்பார். ஞாபகம் இருக்கிறதா?"

ஞாபகம் இருக்கிறது. ரிவர்ஸ் எடுக்கும்போதெல்லாம் கணவரின் கை ஒரு முறை மேலே போய்விட்டுத்தான் வரும். ஏதோ வழக்கம் என்று நினைத்திருக்கிறார். அது வழக்கமல்ல. மூன்றாவது கியருக்கு 'சிங்க்ரோ' உண்டு. பற்கள் சேருவதற்கு முன் ஒரு பித்தளை வளையம் உரசி இரண்டின் வேகத்தையும் சமப்படுத்தும். அதைத் தொட்டால் சுழலும் சக்கரங்கள் நின்றுவிடும். பிறகு சிங்க்ரோ இல்லாத ரிவர்ஸ் சத்தமில்லாமல் விழும். மெதுவாக வளரும் கோளாறு, ஓட்டுகிறவருக்குத் தெரியாமலே அவருக்குப் பாடம் நடத்திவிடுகிறது. அதே கார் இன்னொருவர் கைக்குப் போகும்போதுதான் நோயாளி ஆகிறது. பழைய கார் வாங்குகிறவர்கள் இதை யோசிப்பதில்லை. விற்கிறவர் மனமறிந்து மறைத்ததாகச் சண்டைக்குப் போகிறார்கள்.

இதெல்லாம் இந்தியர்களுக்கு அந்நியமான கதையல்ல. அபிங்டனுக்குப் பக்கத்திலுள்ள கௌலியில் தயாரான மோரிஸ் ஆக்ஸ்ஃபோர்ட் காரின் மறுபிறவிதான் நம் அம்பாசடர். அதற்கு வெகுகாலம் உயிர்கொடுத்த 1,489 சி.சி. எஞ்சினும் எம்.ஜி.பி.யின் 1,798 சி.சி. எஞ்சினும் ஒரே 'பி-சீரிஸ்' குடும்பம். ஸ்டியரிங்குக்குக் கீழே கியர் வைத்த பழைய அம்பாசடர்களில் ஒவ்வொரு ஓட்டுநரும் தன் வண்டியின் கியர் எந்த மூலையில் விழும் என்பதைத் தானே கண்டுபிடித்து வைத்திருப்பார். கல்கத்தா டாக்ஸியில் மாற்று டிரைவர் ஏறினால் முதல் சிக்னலிலேயே தெரிந்துவிடும். 2014-ல் உத்தர்பாராவில் அம்பாசடர் உற்பத்தி நின்றபோது அந்த ரகசியங்களையும் யாரும் எழுதி வைக்கவில்லை.

புது ஆணிகளோடு காரை இறக்கி மறுபடி அளக்கிறார்கள். அரை அங்குலம். எஞ்சினை ஓடவிட்டு, மிதித்து, ஐந்து எண்ணி, ரிவர்ஸ். சத்தமே இல்லை. அம்மாள் சிரித்துவிடுகிறார்.

ஆனால் வேலை முடியவில்லை. கார் ஊர்ந்துகொண்டிருக்கும்போது முதல் கியருக்கு மாற்றினால் இன்னும் உறுமுகிறது. இதற்குச் சிகிச்சை இல்லை, காரணம் இது வியாதியே இல்லை. 1967-ன் பிற்பகுதி வரை வந்த எம்.ஜி.பி.க்களில் முதல் கியருக்குச் சிங்க்ரோ வைக்கவில்லை. கார் முழுக்க நின்ற பிறகுதான் போட வேண்டும். இன்றைய கார்களில் பழகிய கை அவசரப்படுகிறது, அவ்வளவுதான்.

இரண்டாவது கியரின் கதை வேறு. மூன்றிலிருந்து இரண்டுக்கு விரைவாக இறங்கினால் மட்டும் உறுமல். நிதானமாக இறங்கினால் இல்லை. கிளட்ச்சின் மீது பழி போட முடியாது. அந்தப் பித்தளை வளையம் தேய்ந்துவிட்டது. நகரத்தில் அதிகம் உழைப்பது இரண்டாவது கியர் என்பதால் எம்.ஜி.பி.யில் முதலில் சாவது அதன் சிங்க்ரோதான். அதை மாற்ற எஞ்சினை இறக்கியே ஆகவேண்டும். அந்த காரேஜ்காரர் முழுப் பொய்யும் சொல்லவில்லை. சொன்ன வரிசைதான் தப்பு.

பட்டறைக்காரர் இன்னொன்றும் கவனிக்கிறார். கியர் பெட்டியின் ஆயிலைக் கொஞ்சம் வடித்து விரலில் தேய்த்து முகர்கிறார். கெட்டியான கியர் ஆயில். எம்.ஜி.பி.யின் கியர் பெட்டிக்குச் சாதாரண எஞ்சின் ஆயில் போதும் என்று தயாரிப்பாளரின் கையேடே சொல்கிறது. கெட்டி ஆயிலில், குறிப்பாகக் குளிர் காலையில், பித்தளை வளையம் வழுக்கும், பிடிக்காது. யாரோ நல்லெண்ணத்தில் ஊற்றியிருக்கிறார்கள். வடித்துவிட்டு மாற்றுகிறார். உறுமல் பாதி குறைகிறது.

மீதிப் பாதி? "ஓட்டலாமா, பிரிக்க வேண்டுமா?" என்று அம்மாள் கேட்கிறார். அவர் காதைச் சாய்க்கிறார். நியூட்ரலில் பெடலை விட்டால் லேசான சுழற்சி ஒலி, மிதித்தால் அடங்குகிறது. மிதிக்கும்போது புதிதாகச் சத்தம் முளைத்தால் கிராஃபைட் பேரிங்கின் ஆயுள் முடிகிறது என்று அர்த்தம். அது இல்லை. மூன்று கியர்களில் சிணுங்கி, நேரடியாக ஓடும் நான்காவதில் மட்டும் அமைதியானால் உள்ளே அடித்தண்டு தேய்ந்திருக்கிறது. அதுவும் இல்லை. "ஓட்டுங்கள். கிளட்ச் பிளேட் என்றைக்காவது தேயும். அன்றைக்கு எஞ்சின் வெளியே வந்தே தீரும். அப்போது இதையும் பார்த்துக்கொள்ளலாம். அதுவரை சிக்னலில் பெடலை மிதித்துக்கொண்டே நிற்காதீர்கள். நியூட்ரலுக்கு வந்துவிடுங்கள்."

அபிங்டனில் இன்று எம்.ஜி.பி.க்குக் கிடைக்காத உதிரிப் பொருள் குறைவு. பக்கத்து ஊரான விட்னியில் மூல அச்சுகளைக் கொண்டே முழு உடலையும் புதிதாக அடித்துத் தருகிறார்கள். பழைய ஆலை வாசலுக்கு அருகே எம்.ஜி. கார் கிளப் அலுவலகம் இயங்குகிறது. பஞ்சம் ஆட்களுக்குத்தான். பட்டறைக்காரரிடம் வேலை கற்க வந்த இளைஞர்கள் கம்ப்யூட்டர் சொருகினால் கோளாறு எண் சொல்லும் கார்களுக்குப் போய்விட்டார்கள். அவர்களைக் குற்றம் சொல்ல அவர் தயாரில்லை. சம்பளம் அங்கேதான் இருக்கிறது. இந்தக் காரில் சொருகுவதற்கு இடமில்லை. ஒரு ஆள் அடியில் படுக்க வேண்டும், ஒரு ஆள் மேலே மிதிக்க வேண்டும்.

இரண்டாவது கியருக்கு அவர் சொல்லிக்கொடுத்த மருந்து 'டபுள் டிகிளட்ச்'. மிதித்து நியூட்ரல், விட்டு ஆக்ஸிலேட்டரை ஒரு தட்டு, மறுபடி மிதித்து இரண்டு. தேய்ந்த வளையம் செய்யாத வேலையை ஓட்டுநரின் கால் செய்துவிடும். அம்மாள் ஞாயிற்றுக்கிழமை காலைகளில், லாரிகள் வராத நேரம் பார்த்து, நஃபீல்ட் சாலையில் இதைப் பழகுகிறார். முதல் வாரம் உறுமியது. இரண்டாம் வாரம் பத்துக்கு நாலு. மூன்றாம் வாரம் பட்டறைக்கு வந்து, பிரேக் ஆயிலின் மட்டத்தை எப்படிப் பார்ப்பது என்று கேட்டுக்கொண்டு போனார்.